சொல்லாமல் விட்ட புள்ளி

போன புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் தேவி அழைத்தார். ராயபுரத்தில் நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த கடையில், படகுகளுக்கு மின்கருவி பொருத்தும் வேலையை இப்போது செய்பவர் அவர்தான். எர்ணாவூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வந்துபோகிறவர். நான் ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. ஆனாலும் மாதம் இரண்டு தடவையாவது ஏதேனும் சந்தேகத்துக்கு அழைப்பார். இப்போதெல்லாம் பத்து நிமிடம் போன் பேசினாலே எனக்குக் களைத்துவிடுகிறது. இருந்தாலும் எடுத்துவிடுவேன்.

இந்த முறை ஒரு சின்னப் படகு. பதினெட்டு அடி ஃபைபர். ஏதோ அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் வாங்கிப் பழவேற்காடு ஏரியில் விட்டிருக்கிறார். விடுமுறை நாளில் படகை மெல்ல ஓட்டிக்கொண்டே பின்னால் இரண்டு தூண்டில் கயிறுகளை இழுத்துப்போய்க் கொடுவா பிடிக்க வேண்டுமாம். ஆழமும் மீனும் காட்டும் கருவி, ஜிபிஎஸ், பேட்டரி, கயிறுகள் ஒன்றோடொன்று சிக்காமல் அகலமாகப் பிடித்து நிற்க இரு பக்கமும் கம்புகள், எல்லாம் பொருத்தித் தர வேண்டும்.

கடலுக்குச் செய்வதை அப்படியே ஏரிக்குச் செய்யக் கூடாது என்றேன். படகின் பின்பலகையில் தண்ணீருக்குள் நின்று, ஒலியை அனுப்பி ஆழம் அறியும் ஒலிக்கண், கடலில் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஏரியில் மணல் திட்டு உரசிப் பிய்த்துக்கொண்டு போய்விடும். மடங்கி எழும் கிளிப்பில், ஒரு விரற்கடை மேலே பொருத்த வேண்டும். ஆழத்தை அடிக் கணக்கில் காட்டச் சொல்ல வேண்டும். காசிமேட்டுக்காரர்கள் ஆழத்தைப் பாகத்தில் எண்ணுவார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். ஏரியில் பல இடங்களில் ஒரு பாகமே தேறாது. அங்கே பாகத்தில் காட்டினால் கருவி நாள் முழுக்க ஒன்று, ஒன்று என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு தேவி கடைசியாகக் கேட்டார்.

“சார், ஜிபிஎஸ்ல எடத்த மூணு விதமா காட்டுது. எத வெக்கட்டும்? அந்த ஏழுமலை கதைல வர்றது இதானே? நீங்க பென்சில்ல கணக்கு போட்டு ரெண்டு பேரயும் கண்டுபுட்ச்சி குடுத்தீங்களாமே. கடையில இன்னும் சொல்லிகினு கீறாங்க சார்.”

பிறகு எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் கதை எனக்குத் தெரியும். அதில் பாதிதான் இருக்கிறது என்பதும் தெரியும்.

ரேடியோ மெக்கானிக் படித்துவிட்டு இருபத்தேழு வயதில் அந்தக் கடைக்குப் போனேன். முதல் மூன்று வருடம் ஒயர் உரித்தேன், ஈயம் பற்றவைத்தேன், பேட்டரி தூக்கினேன். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. கடை முதலாளி செல்லத்துரை சார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்துவிட்டு, அப்பாவின் கயிறு, வலைக் கடைக்குள் ஒரு மூலையில் கருவிகள் விற்க ஆரம்பித்தவர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வெள்ளை முழுக்கைச் சட்டையோடு துறைமுகத்தில் கரை விளிம்பில் நிற்பார். படகுக்குள் இறங்க மாட்டார். கையில் ஒரு மஞ்சள் அட்டை இருக்கும்.

ஒவ்வொரு படகுக்கும் ஒரு மஞ்சள் அட்டை. அதில் பன்னிரண்டு வரிகள். வேலை முடிய முடிய நாங்கள் டிக் போட வேண்டும். ஒப்படைக்கும் நாளில் அவர் கரையில் நின்று வரிசையாகப் படிப்பார். பேட்டரி, படகின் அடித்தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் கூடையில் ஏற்றிக் கட்டியிருக்கிறதா. முனைகளில் வாசலைன் தடவியிருக்கிறதா. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கிறதா. ஒலிக்கண்ணின் ஒயர், இன்ஜின் ஒயரோடு சேர்ந்து ஓடாமல் எதிர்ப்பக்கமாக வருகிறதா. சேர்ந்து ஓடினால் திரையில் இல்லாத மீனெல்லாம் தெரியும். கருவிக்குள் நுழையும் ஒயர், நுழைவதற்கு முன் ஒரு முறை கீழே தொங்கி வளைகிறதா; இல்லையென்றால் மழைத்தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகும். தூண்டில் கம்புகளை முழுக்க விரித்தபோது கயிறு இன்ஜின் தண்டுக்கு எவ்வளவு தள்ளி விழுகிறது. இப்படியே போய், பதினொன்றாவது வரி: இடம் காட்டும் முறை.

“பார்த்துட்டேன் சார்” என்று சொன்னால் அவர் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பார்: “தொட்டுப் பாத்தியா?”

அவ்வளவுதான். தொடவில்லை என்றால் இறங்கிப் போய்த் தொட வேண்டும். கொதிக்கும் வெயிலில் படகுக்காரர்கள் சிரிப்பார்கள். “இன்னா மனோகர், சார் உன்ன மறுபடியும் ஸ்கூலுக்கு அனுப்சிட்டாரா?” என்று ஏழுமலை ஒருமுறை கேட்டார். ஏழுமலை காசிமேட்டில் சின்ன ஃபைபர் படகு வைத்திருந்தவர். என்னைவிட மூன்று வயது பெரியவர். வலை இல்லை, இழுத்துப்போகும் தூண்டில் மட்டும். வஞ்சிரம், சூரை, பாறை.

பதினைந்து வருடத்துக்கு முன், சித்திரை மாதம் மூன்றாவது வாரம், செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஏழுமலை படகில் வேலை செய்தேன். இந்த நாட்களை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை. கல்யாணமான வருடத்திலிருந்து டைரி எழுதுகிறேன்; எம்.கே.பி. நகர் வீட்டில் புத்தகங்களுக்கு ஒரு அலமாரி என்றால் டைரிகளுக்கு ஒரு தட்டு. அந்தப் புதன்கிழமை பக்கத்தில் காற்று, வெயில், அன்று வாங்கிய திருகாணியின் அளவு வரை இருக்கிறது.

வேலை மாலை நான்கு மணிக்கு முடிந்தது. பன்னிரண்டு வரிக்கும் தொட்டுப் பார்த்து டிக் போட்டேன். இதில் பொய் இல்லை. நாலரை மணிக்குத் திரையின் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருப்பதைக் கவனித்தேன். கருவிக்குள் எங்கோ ஈரம் நுழைந்திருக்கிறது, விற்பனைக்கு உதவாது. கடைக்கு ஓடிப் பெட்டியிலிருந்து அதே மாதிரி வேறொரு கருவியை எடுத்து வந்து மாட்டினேன். நான்கு திருகாணி, இரண்டு பிளக். ஏழு நிமிட வேலை. ஆழத்தைப் பாகத்துக்கு மாற்றினேன், ஏனென்றால் ஏழுமலை பக்கத்தில் நின்று அதைத்தான் கேட்டார். செல்லத்துரை சார் ஐந்து மணிக்கு வந்து அட்டையைப் படித்தார். பதினொன்று என்றபோது நான் “தொட்டுட்டேன் சார்” என்றேன். தொட்டதும் உண்மைதான். தொட்டது அந்தக் கருவியை அல்ல.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று விளக்க வேண்டும். கடலில் ஓர் இடத்தைச் சொல்ல அட்சரேகை, தீர்க்கரேகை என இரண்டு எண்கள் தேவை. எங்கள் பக்கத்துப் படகுகள் எல்லாமே அதைப் பாகை, பிறகு நிமிடம், பிறகு புள்ளி வைத்து நிமிடத்தின் பகுதி என்றுதான் காட்டும். பாகைக்கு அறுபது நிமிடம், மணிக்கு இருப்பதுபோல. ஆனால் யாரும் பாகை, நிமிடம், புள்ளி என்றெல்லாம் வாயால் சொல்வதில்லை. பதிமூணு, முப்பத்தேழு, பன்னண்டு என்று எண்களை மட்டும் அடுக்குவார்கள். எல்லோருடைய கருவியும் ஒரே மாதிரி என்பதால் அது போதும். பெட்டியிலிருந்து வரும் புதுக் கருவி அப்படி இல்லை. அதில் நிமிடமே கிடையாது. பாகைக்கு அடுத்தே புள்ளி. அதைத்தான் பதினொன்றாவது வரியில் மாற்ற வேண்டும்.

மறுநாள் வியாழக்கிழமை விடியற்காலை நாலரைக்கு ஏழுமலையும் அவருடைய மச்சான் மணியும் புறப்பட்டார்கள். மணிக்கு அப்போது இருபத்தாறு வயது. மீன்பிடித் தடைக்காலம், பெரிய விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டியிருந்தன, கடல் காலி. புதுக் கருவியில் பழைய இடங்களை இன்னும் ஏற்றவில்லை. ஏழுமலை அதில் ஆழத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கரை அடையாளங்களை வைத்து ஓட்டினார். பதினொரு மணி வாக்கில் பெரிய மீன் ஒன்று கடித்துக் குறுக்கே ஓடியதில் கயிறு இன்ஜின் தண்டில் சுற்றியது. தண்டு வளைந்துவிட்டது. நங்கூரக் கயிறு அந்த ஆழத்துக்குப் போதவில்லை. ஒரு கேன் தண்ணீர் இருந்தது.

ஏழுமலை மனைவிக்குப் போன் செய்தார். திரையில் இருந்ததைப் படித்தார்: பதிமூணு, முப்பத்தேழு, பன்னண்டு, எண்பது, நாப்பத்தஞ்சு, பூச்சியம் எட்டு. எப்போதும் படிப்பதுபோலவே படித்தார். அதோடு சார்ஜ் போய்விட்டது. பன்னிரண்டு மணிக்குக் காசிமேட்டிலிருந்து மூன்று படகுகள் அந்த இடத்தைத் தேடிப் புறப்பட்டன.

எனக்குச் செய்தி வந்தது மதியம் ஒன்றரைக்கு, சாப்பாட்டு டப்பாவை மூடும்போது. துறைமுகத்திலிருந்து ஒருவர் ஏழுமலை படகு நின்றுவிட்டதாம் என்று சொல்லி எண்களையும் சொன்னார். சுவரில் மாட்டியிருந்த கடல்படத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். ஸ்ரீஹரிகோட்டாவுக்கு நேரே, கரையிலிருந்து முப்பது கடல் மைலுக்குப் பக்கம். அவ்வளவு தூரம் எதற்குப் போனார் என்று நினைத்தேன். வயர்லெஸ்ஸில் யார் எடுத்துச் சொன்னார்கள் என்று கேட்டேன்.

“வயர்லெஸ் இன்னாத்துக்கு? பொண்டாட்டிக்கு செல்லுல பேசிகீறாரு.”

விரல் படத்திலேயே நின்றது. அங்கிருந்து செல்போன் எடுக்காது. பாதி தூரத்திலேயே செத்துவிடும். போன் பேசியிருந்தால் கரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எண்கள் தப்பில்லை, ஏழுமலை எண்ணைத் தப்பாகப் படிக்கிறவர் இல்லை என்றால், பிறகு எது தப்பு? அப்போதுதான் அந்த ஏழு நிமிடம் நினைவுக்கு வந்தது. பென்சில் எடுத்தேன். புள்ளி முப்பத்தேழு பன்னிரண்டை அறுபதால் பெருக்கினேன், இருபத்திரண்டே கால். புள்ளி நாற்பத்தைந்து பூச்சியம் எட்டைப் பெருக்கினேன், இருபத்தேழு. பழவேற்காட்டுக்கு நேரே, எட்டு மைலில் விழுந்தது. தேடப் போனவர்கள் இருபத்துமூன்று மைல் தள்ளித் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

செல்லத்துரை சார் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. கணக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“பொட்டிய மாத்துனியா?”

“ஆமா சார். நாலரைக்கு.”

“மாத்துனதுக்கப்புறம் தொட்டியா?”

பென்சிலைக் கீழே வைத்தேன். அவர் இழுப்பறையைத் திறந்து மஞ்சள் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எண்ணூரில் தெரிந்த படகுக்காரர்களுக்குப் போன் போட்டார். இரண்டரைக்கு அங்கிருந்து இரண்டு படகுகள் போயின. சித்திரையில் நீரோட்டம் வடக்கே இழுக்கும் என்பதைச் சேர்த்து, நான் சொன்ன இடத்துக்கு மூன்று மைல் வடக்கே தேடச் சொன்னார். மாலை ஐந்து இருபதுக்குக் கண்டுபிடித்தார்கள். இருவரும் உயிரோடு இருந்தார்கள்.

ஆனால் மூன்றரை மணிக்கு ஒரு சரக்குக் கப்பல் அவர்களுக்கு வெகு அருகே கடந்து போயிருக்கிறது. கப்பலில் யாரும் இவர்களைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. அது கிளப்பிய அலையில் படகு ஒரு பக்கமாகச் சாய, கழற்றி வைத்திருந்த இன்ஜின் தண்டு உருண்டு மணியின் வலது கையைப் படகின் விளிம்போடு நசுக்கியது. இரண்டு விரல் போயிற்று. இந்த நேரங்களை நான் பல தடவை அடுக்கிப் பார்த்திருக்கிறேன். காசிமேட்டிலிருந்து பன்னிரண்டுக்குப் போன படகுகள் சரியான இடத்துக்குப் போயிருந்தால் இரண்டரைக்குள் சேர்ந்திருக்கும். கப்பல் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருக்கும்.

அன்று இரவு துறைமுகத்தில் ஏழுமலையின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மனோகர்தான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார் என்று நாலு பேர் சொன்னார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் சொல்லலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். பிறகு நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். டைரியில் அன்றைய பக்கத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: “இருவரும் கிடைத்தார்கள்.” திருகாணியின் அளவை எழுதியவன் எழுதிய வரி அது.

செல்லத்துரை சார் அதைப் பற்றி அதன்பின் பேசவே இல்லை. வேலையை விட்டு நீக்குவார் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். மறுவாரம் அட்டையில் பதின்மூன்றாவது வரி ஒன்று வந்தது: கருவி மாற்றினால் புது அட்டை. அவ்வளவுதான். ஆறு வருடத்துக்கு முன் அவர் இறந்தார். அந்த மஞ்சள் அட்டையை எரித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மீன்தான் என்னை விடவில்லை. அந்த வருடம் ஐப்பசியில், முதல் பெரிய வஞ்சிரம் விழுந்ததும் நடுத்துண்டு இரண்டு கிலோ என் வீட்டுக்கு வந்தது. ஏழுமலை அனுப்பினார் என்றான் கொண்டுவந்த ஆட்டோக்காரன். அடுத்த வருடமும் வந்தது. பதினைந்து வருடம் தவறவில்லை. என் மனைவி வறுப்பாள், குழம்பு வைப்பாள், பெண்ணுக்குக் கொஞ்சம் அனுப்புவாள். திருப்பி அனுப்பினால் காரணம் சொல்ல வேண்டும். நான் சாப்பிட்டேன். உப்பு, காரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அதுதான் சங்கடம். ஐப்பசி நெருங்கினாலே எனக்கு உடம்பு தளர்ந்துவிடும்.

தேவி அழைத்த அன்று இரவெல்லாம் யோசித்தேன். அவருக்குப் பதினொன்றாவது வரியை எழுதி அனுப்ப வேண்டும். பாதிக் கதையோடு அனுப்பினால் அவரும் ஒரு நாள் பெட்டியை மாற்றுவார். எனக்கு அறுபத்திரண்டு வயது. இனி நாளைக்குச் சொல்லலாம் என்று நினைக்கவும் தெம்பு இல்லை.

மறுநாள், வியாழக்கிழமை, காசிமேட்டுக்குப் போனேன். ஏழுமலை இப்போது கடலுக்குப் போவதில்லை. படகு மகனிடம். துறைமுக வாசலுக்குப் பக்கத்தில் தூண்டில் முள், கயிறு விற்கும் ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறார்.

“வா நைனா. இன்னா, ஐப்பசி பொறந்து இத்தினி நாளாச்சி, மீன் வர்லியேன்னு கேக்க வந்தியா?”

ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். நின்றபடியே சொன்னேன். ஆவி படிந்த கண்ணாடி, ஏழு நிமிடம், பழைய கருவிக்குப் போட்ட டிக், புதுக் கருவியைத் தொடாமல் தொட்டேன் என்று சொன்னது, இரண்டரை மணி, மூன்றரை மணி. நடுவில் ஒருவர் வந்து முள் கேட்டார். ஏழுமலை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, “சொல்லு” என்றார். சொல்லி முடித்தேன்.

அவர் எழுந்து, மேல் பலகையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார். படகு லைசென்ஸ், ரேஷன் அட்டை, இவற்றுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தார். என் கையெழுத்து. பன்னிரண்டு டிக். பின்பக்கம் செல்லத்துரை சாரின் நீல மையில் ஒரு வரி: “பதினொன்று தொடவில்லை. பொறுப்பு கடையுடையது.” கீழே கையொப்பம்.

“மூணாம் நாளே வூட்டுக்கு வந்து குட்த்தாரு உங்க சாரு. நின்னுகினே சொன்னாரு, இதோ நீ நிக்கிற மாதிரி. மணி ஆஸ்பத்திரி செலவு அவர்தான் பாத்தாரு. கெளம்பி போவசொல்ல ஒண்ணு சொன்னாரு. மனோகரு வந்து சொல்லுவான், நீ கேக்காதன்னு.”

பிறகு எதற்கு மீன் அனுப்பினீர்கள் அண்ணே என்று கேட்டேன்.

“நீ வாய தொறக்கணும்னுதான் அனுப்சேன். நீ துன்றதுக்கு மட்டும் தொறந்த.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். அட்டையைக் கேட்டேன். தரவில்லை. உறையில் போட்டு டப்பாவின் அடியிலேயே வைத்தார். மேலே ஏற்றிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

“எனுக்கு சொன்ன. சரி. எனுக்கு இன்னா போச்சி, ஒரு நாள் வெயிலு. மணிக்குத்தான் வெரல் போச்சி, தொழிலு போச்சி. அவன்கிட்ட நான் இத்தினி வருசமா சொல்லல. உங்க சாரும் சொல்லல. உன்ன சாமி மாதிரி பேசிகினு கீறான் அவன். நீயே போய் சொல்லு. அவன்லாம் மீன் குடுக்க மாட்டான்.”

மணி இப்போது பேசின் பிரிட்ஜ் யார்டு பக்கம் ஒரு குடோனில் காவல் வேலை பார்க்கிறாராம். ராத்திரி ஷிஃப்ட், காலை ஆறு மணிக்கு முடியும்.

தேவிக்கு நேற்று எழுதி அனுப்பினேன். பாகை, நிமிடம், புள்ளி, அதை வை. ஏரிதானே, கரை தெரிகிறதே என்று விட்டுவிடாதே. படகுக்காரரைத் திரையைப் பார்த்து ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல். புள்ளி வரும் இடத்தில் புள்ளி என்று சொல்கிறாரா என்று கேள். ஏழுமலை கதையின் மீதியையும் எழுதியிருக்கிறேன். கடையில் யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம் என்றும் சொன்னேன். அவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. வேலையாக இருப்பார்.

இன்று சனிக்கிழமை. நாளை மறுநாள் காலை பேசின் பிரிட்ஜ் போகிறேன். முதல் பஸ் பிடித்தால் ஐந்தரைக்கே குடோன் வாசலில் நிற்கலாம். மணி என் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டுவார். எந்தக் கை என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.